குதிரைப் பந்தயங்களின் ஏற்றமும் இறக்கமும்

நேயர்களே, குதிரைப் பந்தயம் என்றதும் நம்மிற் பலருக்குப் பணயமும் சூதும், அவற்றால் நொடித்துப்போன குடும்பங்களுமே நினைவுக்கு வரும். அந்நினைவிற் பிழையொன்றுமில்லை. ஆயினும் ஒரு சமூகம் எதனைப் பெரிதென்று போற்றியது, எப்போது அப்போற்றுதலைக் கைவிட்டது என்பதை அறிய விரும்புவோர்க்குப் பந்தயத் திடலும் ஒரு வரலாற்று ஏடே ஆகும். ஒரு காலத்தில் நாடே திரண்டு நோக்கிய பந்தயம் பின்னொரு காலத்திற் பெயரளவில் நிற்கின்றது. எவரும் பொருட்படுத்தாதிருந்த வேறொரு பந்தயம் உலகின் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றது. ஓடுவது அதே குதிரை. ஓடும் இடமும் அதே புற்றரை. அவ்வாறாயின் மாறியது யாது? இவ்வினாவுக்குரிய விடையை, இக்காலக் குதிரைப் பந்தயத்தின் தாயகமாகிய இங்கிலாந்தின் வரலாற்றிலிருந்தே தேடத் தொடங்குவோம்.

பதினேழாம் நூற்றாண்டில் அரசு புரிந்த இரண்டாம் சாள்ஸ் மன்னர் குதிரைகள்மீது பெருவிருப்புக் கொண்டவர். நியூமார்க்கெற் என்னும் ஊரின் விரிந்த வெளியிற் பந்தயங்களை நிறுவியதோடு, 1671ஆம் ஆண்டில் தாமே சேணமேறி ஒரு பந்தயத்தை வென்றும் காட்டினார். அவருக்குப் பின்வந்த காலத்தில் 'அரசர் தட்டு' எனப்பட்ட பந்தயங்களே உயர்ந்த சிறப்புடையனவாய் விளங்கின. அவற்றின் விதிகள் இக்காலத்தார்க்கு வியப்பளிக்கும். ஆறு வயது நிரம்பிய குதிரைகள் 168 இறாத்தற் பாரத்தைச் சுமந்துகொண்டு நான்கு மைல் ஓடவேண்டும். ஒருமுறை ஓடி வென்றாற் போதாது. சிறிது இளைப்பாறிய பின், அன்றைக்கே அதே தூரத்தை மீண்டும் ஓடவேண்டும். விரைவிலும் பார்க்க உரத்தையும் நெஞ்சுறுதியையும் அப்பந்தயங்கள் சோதித்தன. போர்க்களத்திலும் நெடும்பயணத்திலும் குதிரையையே நம்பி வாழ்ந்த மக்கள் அவ்வுரத்தைப் பெரிதாக மதித்தமை இயல்பேயாகும். சூரிய கிரகணம் நிகழ்ந்த 1764ஆம் ஆண்டிற் பிறந்து, அதனால் 'எக்கிளிப்ஸ்' என்னும் பெயர் பெற்ற குதிரை, 1769, 1770 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஓடிய 18 பந்தயங்களிலும் தோல்வி காணாது நின்றது. அதன் புகழும் பெரும்பாலும் அரசர் தட்டுப் பந்தயங்களிலேயே ஈட்டப்பட்டது.

ஆனால் ஆறு வயதுவரை ஒரு குதிரையைப் பேணி வளர்ப்பதென்றாற் செலவு மிகுதி, காத்திருப்பும் நெடிது. பணயம் வைப்போரோ விரைவில் முடிவைக் காண விரும்பினர். இளங்குதிரைகளை ஒரே ஓட்டத்திற் சோதிக்கும் புதிய வழக்கம் இவ்வாறு தோன்றியது. 1776ஆம் ஆண்டில் அந்தொனி சென்ற் லெஜர் என்னும் படை அதிகாரி, இங்கிலாந்தின் வடபாலுள்ள டொன்காஸ்ரர் நகரில், மூன்று வயதுக் குதிரைகளுக்கென இரண்டு மைற் பந்தயமொன்றைத் தொடங்கினார். இன்றும் அது அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1779இல், இலண்டனுக்கு அணித்தான எப்சம் குன்றுவெளியில், பெண்குதிரைகளுக்குரிய 'ஓக்ஸ்' பந்தயம் தோன்றியது. அடுத்த ஆண்டில் அதே வெளியில் டேர்பிப் பிரபுவின் பெயரால் மற்றொரு பந்தயம் நடந்தது.

டேர்பி என்னும் சொல் இன்று எத்தனையோ விளையாட்டுகளிற் பெரும்போட்டியைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. ஆனால் 1780ஆம் ஆண்டில் நடந்த முதலாவது டேர்பி ஒரே மைல் தூரப் பந்தயம். அதில் ஓடியவை ஒன்பது குதிரைகளே. ஒன்றரை மைல் என்னும் தூரம் 1784இலேயே ஏற்பட்டது. முதலாவது டேர்பியை வென்ற 'டயமெட்' என்னும் குதிரையின் பிற்கால வாழ்வு, அப்பந்தயத்தின் அன்றைய மதிப்பை ஒருவாறு புலப்படுத்தும். அக்குதிரைக்கு 21 வயதானபோது, 1798இல், ஐம்பது கினி என்னும் அற்ப விலைக்கு அதனை விற்று அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டனர். அங்கே அது பல சிறந்த குதிரைகளுக்குத் தந்தையாகி, அந்நாட்டுப் பந்தயக் குதிரைகளின் குலமுதல்வருள் ஒன்றாய்ப் போற்றப்பட்டது. டேர்பி வென்ற குதிரை என்பதற்காக எதனையும் கைவிடாது காக்கும் மனப்பான்மை அன்று இங்கிலாந்தில் உருவாகியிருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அம்மனப்பான்மை உருவாகிவிட்டது. எப்சம் இலண்டனிலிருந்து ஏறத்தாழப் பதினைந்து மைல் தூரத்திலுள்ளது. டொன்காஸ்ரரோ நூற்றைம்பது மைலுக்கும் அப்பாலுள்ளது. தலைநகரின் பிரபுக்களும் வணிகரும் தொழிலாளரும் பிச்சைக்காரரும் ஒரே நாளிற் சென்று திரும்பக்கூடிய இடம் எப்சமே. அக்குன்றுவெளி பொதுநிலமாதலின், அதில் நின்று பந்தயம் பார்க்கக் காசு கொடுக்கவேண்டியதில்லை. புகைவண்டிப் பாதையும் வந்துசேர்ந்தது. 1847ஆம் ஆண்டு முதலாகப் பல்லாண்டுகள், டேர்பி நாளிற் பிரித்தானியப் பொதுமன்றம் தன் கூட்டத்தை ஒத்திவைத்து வந்தது. ஆங்கில ஓவியர் பிறித் 1858இற் காட்சிக்கு வைத்த 'டேர்பி நாள்' என்னும் ஓவியத்தைக் காணத் திரண்ட கூட்டத்தைத் தடுப்பதற்கு வேலியிட நேர்ந்தது. அவ்வோவியத்திற் குதிரைகள் எங்கோ பின்னணியிலேயே தெரிகின்றன. ஓவியர் நம் கண்முன் நிறுத்தியது மக்களையே.

அந்நாளில் டேர்பியின் மதிப்பு எத்துணை உயர்ந்திருந்தது என்பதற்கு ஒரு பிரபுவின் கதை சான்றாகும். ஜோர்ஜ் பென்ரிங் பிரபு இங்கிலாந்தின் குதிரைத் திடலில் தனியாணை செலுத்தியவர். டேர்பியை வெல்லவேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் வேட்கை. ஆயினும் தானியச் சட்டங்களை நீக்குவது பற்றிய அரசியற் போராட்டம் மூண்டபோது, அதிலேயே முழுதும் ஈடுபடுவதற்காக 1846இல் தம் குதிரைகள் அனைத்தையும் ஒருங்கே விற்றுவிட்டார். விற்ற குதிரைகளுள் 'சேர்ப்பிளிஸ்' என்னும் இளங்குட்டியும் ஒன்று. 1848ஆம் ஆண்டில் டேர்பியை வென்றது அதுவே. மறுநாள் பொதுமன்ற நூலகத்தில் அவரைக் கண்ட டிஸ்ரேலி, தாம் பின்னர் எழுதிய நூலில் அந்தச் சந்திப்பை விவரித்துள்ளார். வாழ்நாள் முழுதும் நாடிய பேற்றைத் தம் கையாலேயே பிறருக்கு ஈந்துவிட்டதாகப் பென்ரிங் புலம்பினார். ஆறுதல் கூற முயன்ற டிஸ்ரேலியிடம், டேர்பி என்றால் என்னவென்று உமக்குத் தெரியாது என்றார். டிஸ்ரேலியோ தமக்குத் தெரியும் என்று கூறி, அதனைத் திடலின் நீலநாடா என வருணித்தார். நீலநாடா இங்கிலாந்தின் மிகவுயர்ந்த வீரவிருதின் அடையாளமாகும். அவ்வாண்டு செப்தெம்பர் மாதத்திற் பென்ரிங் காலமானார்.

டேர்பி நாள் நாட்டின் கண்களெல்லாம் ஒருசேரக் குவியும் நாளாகிவிட்டமையால், பந்தயத்தோடு தொடர்பில்லாதாரும் அதனை நாடினர். 1913ஆம் ஆண்டு யூன் 4ஆந் திகதி, பெண்களுக்கு வாக்குரிமை கோரிய இயக்கத்தைச் சேர்ந்த எமிலி டேவிசன் அம்மையார், ஓடிவந்த குதிரைகளின் நடுவே புகுந்து, மன்னரின் குதிரையால் மோதுண்டு விழுந்தார். நான்கு நாட்களின் பின் உயிர்நீத்தார். அந்நிகழ்ச்சியைத் திரைப்படக் கருவிகள் பதிவுசெய்தன. ஒரு பந்தயத்தின் மதிப்பு, அதனோடு சிறிதும் தொடர்பற்ற ஓர் உரிமைக் குரலுக்கும் மேடையாக அமைந்தது.

இளங்குதிரைப் பந்தயங்கள் இவ்வாறு உயர்ந்தபோதும், பழைய நெடுந்தூர மரபு உடனே மறைந்துவிடவில்லை. 1807இல் தொடங்கிய அஸ்கொட் தங்கக் கிண்ணம் இரண்டரை மைல் தூரப் பந்தயம். ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கொலஸ் 1844இல் அதனைக் கண்டு மகிழ்ந்து பரிசளிக்க முன்வந்ததால், சில ஆண்டுகள் அது சக்கரவர்த்தி தட்டு எனப் பெயர் பூண்டது. கிரைமியப் போர் மூண்டதும் பழைய பெயர் திரும்பியது. டேர்பியை வென்ற குதிரை அடுத்த ஆண்டில் இக்கிண்ணத்தையும் வெல்வதே அதன் புகழுக்கு முடியாகும் என அக்காலத்தார் எண்ணினர். பின்னர் ஏழாம் எட்வேட் மன்னராகிய வேல்ஸ் இளவரசரின் 'பேர்சிமன்' 1896இல் டேர்பியையும் 1897இற் தங்கக் கிண்ணத்தையும் வென்றது. ஆனால் அத்தகைய குதிரைகளின் வரிசை, 1944இல் டேர்பியையும் 1945இற் கிண்ணத்தையும் வென்ற 'ஓஷன் சுவெல்' என்பதோடு முற்றுப்பெற்றது. இரண்டரை மைல் ஓடவல்ல குதிரையின் குட்டிகள் விரைவாய் முதிரமாட்டா என்று குதிரை வளர்ப்போர் கருதத் தொடங்கினர். பந்தயத்திற் கிடைக்கும் பரிசிலும் பார்க்க, பந்தயத்துக்குப் பின் இனவிருத்தியாற் கிடைக்கும் வருவாயே பெரிதாயிற்று. தங்கக் கிண்ணம் இன்றும் அரச பவனியும் அலங்காரத் தொப்பிகளும் சூழ நடைபெறுகின்றது. 2013இல் இரண்டாம் எலிசபெத் மகாராணியாரின் 'எஸ்ரிமேற்' அதனை வென்றபோது நாடு மகிழ்ந்தது. சமூகச் சிறப்பு நிலைத்திருக்க, குதிரை வளர்ப்போர் கண்ட சிறப்பு மட்டும் அதைவிட்டு அகன்றது.

இதே காலத்தில் ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால், பாரிசு மாநகரிலும் இத்தகைய மாற்றமொன்று நிகழ்ந்தது. 1863இல் லோங்ஷாம் திடலில் 'பாரிசுப் பெரும்பரிசு' என்னும் மூவாயிரம் மீற்றர்ப் பந்தயம் தொடங்கியபோது, முதற்பரிசை ஓர் ஆங்கிலக் குதிரையே பெற்றது. இரண்டு ஆண்டுகளின் பின், 1865இற் பிரெஞ்சுக் குதிரையாகிய 'கிளாடியேற்றர்' டேர்பி உட்பட இங்கிலாந்தின் மும்மகுடப் பந்தயங்கள் மூன்றையும், பாரிசுப் பெரும்பரிசையும் ஒருங்கே வென்றது. வாற்றர்லூத் தோல்விக்குப் பழிவாங்கிய குதிரை என்று பிரெஞ்சு மக்கள் அதனைக் கொண்டாடி, லோங்ஷாமிற் சிலையும் எழுப்பினர். அத்தகைய பெரும்பரிசும் நிலைக்கவில்லை. முதலாம் உலகப்போர் முடிந்தபின் 1920இல் அதே திடலில் 'ஆர்க் த திரியோம்' என்னும் வெற்றி வளைவின் பெயரால் இரண்டாயிரத்து நானூறு மீற்றர்ப் பந்தயமொன்று நிறுவப்பட்டது. மூன்று வயதுக் குதிரைகளும் மூத்த குதிரைகளும் அதில் ஒன்றாக ஓடலாம். ஆண்டின் இறுதியில், ஒக்தோபர் மாதத்தில் நடப்பதால் அதுவரை வென்றவையெல்லாம் அங்கே சந்திக்கலாம். 1949இற் பரிசுத்தொகை பெரிதும் உயர்த்தப்பட்டதும் பிறநாட்டுக் குதிரைகள் திரண்டன. இத்தாலியின் 'ரிபொட்' 1955இலும் 1956இலும் வென்று அதன் புகழை உலகறியச் செய்தது. பழைய பெரும்பரிசின் தூரமோ 1987இல் இரண்டாயிரம் மீற்றராகக் குறைக்கப்பட்டு, 2005இல் இரண்டாயிரத்து நானூறாக மாற்றப்பட்டது. மதிப்பிழந்த பந்தயம் தன்னையே திருத்தி எழுத முயல்வதை இங்கே காண்கிறோம்.

வெற்றி வளைவின் எழுச்சி, டொன்காஸ்ரரில் நடைபெறும் மூத்த பந்தயமாகிய சென்ற் லெஜரைப் பாதித்தது. இரண்டாயிரங் கினி, டேர்பி, சென்ற் லெஜர் ஆகிய மூன்றையும் ஒரே ஆண்டில் வெல்வதே மும்மகுடம் எனப்படும். 1853இல் 'வெஸ்ற் ஒஸ்ரேலியன்' முதன்முதலாக அதனைப் பெற்றது. 1970இற் கனடாவிற் பிறந்து அயர்லாந்திற் பயிற்சி பெற்ற 'நிஜின்ஸ்கி' என்னும் குதிரை அதனை மீண்டும் எய்தியபோது, முப்பத்தைந்து ஆண்டுகளாக வெறுமையாயிருந்த ஆசனம் நிரம்பிற்று. ஆனால் செப்தெம்பரில் சென்ற் லெஜரை வென்ற அக்குதிரை, ஒக்தோபர்த் தொடக்கத்திற் பாரிசில் ஒரு தலையளவு தூரத்தால் தோற்றது. கோடையில் அது தோல்நோயால் வருந்தியது உண்மையே. ஆயினும் டொன்காஸ்ரரின் நெடுந்தூரமே அதன் வலிமையை உறிஞ்சிவிட்டது எனப் பலரும் பேசினர். 54 இலட்சம் டொலருக்கு மேலாக மதிப்பிட்டு இனவிருத்திக்கு ஒப்பந்தம் செய்யப்பட்ட குதிரையின் தோல்வியை எவரும் எளிதில் மறக்கவில்லை. அதன்பின் டேர்பி வென்ற குதிரையைச் சென்ற் லெஜருக்கு அனுப்புவோர் அருகினர். 1987இல் 'ரெபரன்ஸ் பொயின்ற்' இரண்டையும் வென்றது. மும்மகுடத்தை நாடி 2012இல் டொன்காஸ்ரருக்கு வந்த 'கமெலொட்' முக்கால் குதிரை நீளத்தாற் தோற்றுத் திரும்பியது.

டேர்பியும் காலத்துக்குத் தப்பவில்லை. நெடுங்காலம் புதன்கிழமையில் நடந்த அப்பந்தயம், வாரநாளில் வேலையை விட்டு வருவோர் குறைந்தமையால், 1995இற் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. பொதுமன்றம் தன் கூட்டத்தை ஒத்திவைத்த காலத்தோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. ஒருகால் நாடு பந்தயத்துக்காகத் தன் நாளை மாற்றிற்று. பின்னர் பந்தயம் நாட்டுக்காகத் தன் நாளை மாற்றிற்று.

மதிப்பு இறங்குவதை மட்டுமே நாம் கண்டோமென எண்ணவேண்டாம். அமெரிக்காவின் கெந்தக்கி மாநிலத்தில் 1875இல் தொடங்கிய டேர்பி, நெடுங்காலம் உள்ளூர்ப் பந்தயமாகவே கிடந்தது. 1867இல் தொடங்கிய நியூயோர்க்கின் பெல்மன்ற் பந்தயத்தையே கீழைக்கரைச் செல்வர் மதித்தனர். 1902இற் பொறுப்பேற்ற மற் வின் என்பவர் பத்திரிகையாளரை வரவேற்று உபசரித்து, ஆண்டுதோறும் அப்பந்தயத்தைப் பற்றி எழுதச் செய்தார். 1915இல் நியூயோர்க்குச் செல்வர் ஒருவரின் 'றிகிறெற்' என்னும் பெண்குதிரை வென்றதும் நாடெங்கும் பேச்செழுந்தது. ஆயினும் 1920இற்கூட, அமெரிக்காவின் ஈடிணையற்ற குதிரையாகிய 'மான் ஓ வார்' கெந்தக்கிக்கு அனுப்பப்படவில்லை. மே மாதத் தொடக்கத்தில் இளங்குதிரையை அத்தூரம் ஓடவிடுவது தகாதென அதன் உரிமையாளர் கருதினார். 1925இல் அப்பந்தயம் வானொலியில் நாடளாவ ஒலிபரப்பாயிற்று. காதாற் கேட்டே ஒரு பந்தயத்தைத் தமதாக்கிக்கொண்ட மக்கள் அதனை அமெரிக்காவின் முதற்பந்தயமாக உயர்த்தினர்.

ஆங்கிலேயர் ஆட்சி செலுத்திய இடங்களிலெல்லாம் பந்தயத் திடலும் தோன்றியது. அவுஸ்திரேலியாவின் மெல்போர்ண் கிண்ணம் 1861இல் தொடங்கியது. அது திறமிக்க குதிரைக்குக் கூடிய பாரமேற்றி எல்லாவற்றையும் சமப்படுத்தும் பந்தயம். ஆகவே மிகச் சிறந்த குதிரை எதுவென அது தெரிவிப்பதில்லை. ஆனாலும் அந்நகரத்தார் அந்நாளைப் பொது விடுமுறையாகக் கொண்டாடுகின்றனர். நம் இலங்கையிலும் காலிமுகத் திடலிற் குதிரைகள் ஓடின; 1893 முதல் கறுவாத்தோட்டத் திடலில் ஓடின. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று யப்பானிய வான்படை கொழும்பைத் தாக்கவந்தபோது, அத்திடலில் அமைந்த ஓடுபாதையிலிருந்தே போர்விமானங்கள் எழுந்தன. சுதந்திரத்தின் பின் கொழும்பிற் குதிரைப் பந்தயம் ஓய்ந்தது. சித்திரைப் பருவத்தில் நுவரெலியாவில் நடைபெறும் ஆளுநர் கிண்ணம் மட்டும், பிரித்தானிய ஆளுநர் ஒருவரும் இல்லாத காலத்திலும் அப்பெயரைத் தாங்கி வந்துள்ளது.

அண்மைக் காலத்திற் பணமே பந்தயத்தை உயர்த்தும் என்னும் நம்பிக்கை வலுப்பெற்றது. 1996இல் துபாய் உலகக் கிண்ணம் 40 இலட்சம் டொலர்ப் பரிசுடன் தோன்றியது. 2020இற் சவூதிக் கிண்ணம் இரண்டு கோடி டொலர்ப் பரிசுடன் தோன்றியது. பரிசு பெரிதானாற் குதிரைகள் வருகின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் யப்பானியரின் செயலை நோக்குக. அவர்தம் நாட்டிலேயே பெரும்பரிசுடைய பந்தயங்கள் பல உள்ளன. இருந்தும் 1969 முதலாக அவர்கள் தம் சிறந்த குதிரைகளைப் பாரிசின் வெற்றி வளைவுப் பந்தயத்துக்கு அனுப்பி வந்துள்ளனர். 1999இல் 'எல் கொண்டோர் பசா' இரண்டாமிடம் பெற்றது. 2012இலும் 2013இலும் 'ஒர்பேவ்ர்' இரண்டாமிடமே பெற்றது. பரிசுப் பணத்துக்காகவே அவர்கள் சென்றனர் என்று கூறவியலாது. தம் நாட்டிற் கிடைக்காத ஒரு பெயரை நாடியே சென்றனர்.

நேயர்களே, நாம் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். பந்தயம் என்பது குதிரையிடம் மனிதன் கேட்கும் ஒரு கேள்வி. நீ எவ்வளவு பாரம் சுமப்பாய் என்று ஒரு காலம் கேட்டது. எவ்வளவு விரைவில் முதிர்வாய் என்று மற்றொரு காலம் கேட்டது. உன் குட்டிகள் எவ்வளவு விலைபோகும் என்று பிறிதொரு காலம் கேட்டது. தன் காலத்தின் கேள்வியைத் திருத்தமாகக் கேட்ட பந்தயம் உயர்ந்தது; பழைய கேள்வியையே கேட்டு நின்றது தாழ்ந்தது. இதனால் நாம் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. நான்கு மைல் ஓடி, மீண்டும் நான்கு மைல் ஓடிய குதிரையின் உரம் இன்றைய குலங்களில் அருகிவிட்டது. ஒருமுறை மதிப்பிழந்த பண்பை மீண்டும் வேண்டுமென்றபோது, அதனை வளர்ப்பதற்குப் பல தலைமுறைகள் செல்லும். பல நாட்டுக் குதிரை வளர்ப்போர் நெடுந்தூரப் பந்தயங்களுக்கு மீண்டும் பரிசுகளை உயர்த்தி ஊக்கமளிக்க முற்பட்டிருப்பது இவ்வுண்மையை உணர்ந்தமையாலேயே ஆகும். டொன்காஸ்ரரிற் செப்தெம்பர் மாதந்தோறும் சென்ற் லெஜர் இன்றும் ஓடப்படுகின்றது. 1776இற் கேட்ட அதே கேள்வியை அது இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றது.